அம்பாசிடருக்குக் கேம் பேரிங் போட்டுத் தந்த மேட்டுப்பாளையம் பட்டறை

இந்தப் பட்டறையின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதட்டுமா என்று பட்டறைக்காரப் பெரியவரிடம் கேட்டதற்கு, "இருக்கிற வேலையே முடியல, நீ வேற ஊரைக் கூட்டி விட்டுடாத தம்பி" என்றுவிட்டார். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பக்கம், தகரக் கூரை, ஒரு போரிங் மெஷின், இரண்டு லேத், உட்காரக் கவிழ்த்து வைத்த கிரீஸ் டின். அந்தப் பக்கம் எந்த லாரி மெக்கானிக்கிடம் கேட்டாலும் கையைக் காட்டுவார்கள், அது போதும். வேலை, எஞ்சினுக்குள் வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைத் தாங்கும் பேரிங்குகளை மாற்றிப் போட்டது. அவசரக்காரர்களுக்கு முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். வேலைக்கு முழு மார்க். சொன்ன தேதிக்குத் தருவதில் பாஸ் மார்க்கூடத் தர முடியாது. பில் கேட்டால் முறைப்பார். இன்னொரு தடவை தேவைப்பட்டாலும் நான் அங்கேதான் போவேன்.

வண்டி அப்பாவுடையது. 1986 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல், 1489 சிசி. இங்கிலாந்துக்காரன் பி.எம்.சி. கம்பெனியில் வடிவமைத்த பி சீரிஸ் எஞ்சின். 1955-ல் வந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் இதே குடும்பத்து 1489 சிசிதான் ஓடியது என்று சொன்னால் அப்பா நம்ப மாட்டார், "அது வேற, இது நம்ம ஊரு" என்பார். 2014-ல் உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திய செய்தி வந்த அன்றைக்கு வீட்டில் துக்க வீடு மாதிரி இருந்தது. அப்படிப்பட்ட வண்டி.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தபோதுகூட வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பிறகு சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததே, அதில்தான் மாட்டிக்கொண்டோம். குண்டு உப்பலவாடியில் சித்தப்பா வீட்டுக் கொட்டகையில் நின்ற வண்டி பானெட் மட்டத்துக்கு முழுகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் டிப் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் டீக்கடைப் பால் டீ நிறத்தில் ஆயில். எஞ்சினைப் பிரிக்காமல் தப்பிக்க வழியே இல்லை.

கடலூரிலேயே ஒரு கராஜில் விட்டோம். பெயர் வேண்டாம், அவர்கள் வேறு வேலைகளை ஒழுங்காகச் செய்பவர்கள்தான். ரீபோர், பிஸ்டன், ரிங்கு, கிராங்க் கிரைண்டிங், மெயின் பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்த்து 62,000 ரூபாய். "கேம் பேரிங்கும் புதுசு போட்டாச்சு சார், இனி பத்து வருஷத்துக்குத் திரும்பிப் பாக்க வேணாம்" என்று சொல்லித்தான் சாவியைக் கொடுத்தார்கள். 1,100 கிலோமீட்டரில் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

என்ன ஆனதென்றால், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் பிரஷர் அழகாக நிற்கும். நெல்லிக்குப்பம் போய்த் திரும்பும்போது, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, சிக்னலில் ஐடிலில் நின்றால் முள் 6, 7 பி.எஸ்.ஐ.க்கு இறங்கிவிடும். நான் தனியாக ஒரு மெக்கானிக்கல் கேஜ் மாட்டி வைத்திருந்ததால் தெரிந்தது. வெறும் சிவப்பு விளக்கை நம்பியிருந்தால் எஞ்சின் சாகிற அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும். கராஜில் சொன்னேன். கெட்டி ஆயில் ஊற்றினார்கள். அப்புறம் புது ஆயில் பம்ப். அப்புறம் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர். இந்த வாஷர் வித்தையைப் பல ஊர்களில் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்: ரிலீஃப் வால்வு என்பது பிரஷர் அளவுக்கு மேல் போனால் திறந்து ஆயிலை எஞ்சின் அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்புக்குத் திருப்பி விடுவது. ஐடிலில், பிரஷரே இல்லாத நேரத்தில், அது மூடித்தான் இருக்கும். மூடியிருக்கும் கதவை இன்னும் இறுக்கி மூடி என்ன ஆகப் போகிறது? ஓடும்போது முள் 5 பி.எஸ்.ஐ. கூடியது, ஐடிலில் அதே 6, 7.

மூன்றாவது தடவையும் சரியாகவில்லை என்றதும், "பழைய வண்டி சார், இப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் அப்பா சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பெரியவரைப் பற்றிச் சொன்னது பண்ருட்டியில் ஒரு லாரி மேஸ்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டே போனோம். ரெட்டிச்சாவடி, கன்னியகோயில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம், மரப்பாலம், நூறடி ரோடு என்று முப்பது கிலோமீட்டர் இருக்கும், வழியெல்லாம் என் கண் முள்ளின் மேல்தான். பெரியவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்கக்கூட இல்லை. சம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஒரு வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயிலை விட்டு, வெயிலில் பிடித்து, ஒரு காந்தத்தைத் துணிக்கு அடியில் நகர்த்திக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மினுக்கும் பொடி நிறைய இருந்தது. காந்தத்துக்கு அசையவில்லை.

"இரும்பா இருந்தா ஓடியாந்து ஒட்டும். இது பேரிங் மெட்டல். மெயினு, பிக் எண்டு எல்லாம் புதுசுன்னு சொல்ற. அதை நம்புவோம். அப்ப கேமு."

மறுநாள் எஞ்சினை இறக்கிக் குட்டியானையில் ஏற்றிக் கொண்டு வரச் சொன்னார். அன்றைக்கே அட்வான்ஸ் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேம் பேரிங் ஏன் எல்லோராலும் அலட்சியப்படுத்தப்படுகிறது என்று எனக்கு இப்போது புரிகிறது. கேம் சாஃப்ட், பிஸ்டன்கள் சுற்றும் கிராங்க் தண்டின் பாதி வேகத்தில்தான் சுழலும். சுமையும் கிராங்கோடு ஒப்பிட்டால் குறைவு. ஒழுங்காக இருந்தால் தேயவே தேயாது, லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதனால் எஞ்சின் பிரிக்கும்போது பலர் அதைத் தொடுவதே இல்லை. தொடுபவர்கள் ஏதோ வாசல் கதவுக்குப் புஷ் அடிப்பது போல அடித்துவிட்டுப் போகிறார்கள். ஆனால் அதுவும் அதே ஆயில் வழித்தடத்தில்தான் இருக்கிறது. பம்ப் தருவது ஆயிலின் ஓட்டத்தை மட்டும்தான். பிரஷர் என்பது பேரிங்குகளின் சின்னச் சந்துகளில் அந்த ஓட்டம் நெருக்கப்படுவதால் வருவது. எங்கள் தெருவில் முதல் வீட்டுக்காரர் குடிநீர்க் குழாயில் மோட்டார் போட்டு இழுத்தால் கடைசி வீட்டில் காற்றுதானே வரும்? அது போல ஒரு கேம் பேரிங்கில் சந்து பெரிதாகிவிட்டால் மொத்த எஞ்சினுக்கும் பிரஷர் போய்விடும். சூடானதும் ஆயில் இளகிவிடுவதால் கசிவு இன்னும் கூடும். காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் படுத்த காரணம் அதுதான்.

இந்த எஞ்சினில் மூன்று கேம் பேரிங். மூன்றும் வேறு வேறு அளவு. முன்பக்கம் பெரியது, நடுவில் சற்றுச் சின்னது, பின்பக்கம் எல்லாவற்றிலும் சின்னது. கேம் முன்னால் இருந்து உள்ளே போக வேண்டும் என்பதால் அப்படி. ஜர்னல், அதாவது கேமில் பேரிங்குக்குள் உட்கார்ந்து சுழலும் பகுதியின் அளவு ஏறக்குறைய 1.79, 1.73, 1.62 அங்குலம். இரும்புத் தகட்டு முதுகு, உள்ளே ஒயிட் மெட்டல் என்ற மெத்தென்ற உலோகக் கலவைப் பூச்சு. கேமுக்கும் பேரிங்குக்கும் நடுவில் ஒன்றிலிருந்து இரண்டு தௌ இடைவெளிதான் இருக்கலாம். தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றே இரண்டு மூன்று தௌ தடிமன் வரும். ஆக, ஒரு முடியைவிடக் குறைந்த சந்தில் ஆயில் நின்று அந்த இரும்புத் தண்டைத் தாங்குகிறது.

பிரித்த அன்றைக்கு என்னைக் கூப்பிட்டு டார்ச்சைக் கையில் கொடுத்து உள்ளே பார்க்கச் சொன்னார். இதுதான் இந்தப் பட்டறையில் எனக்கு மிகவும் பிடித்தது: காட்டாமல் எதையும் சொல்ல மாட்டார். முன் பேரிங்கின் உள்பக்கம் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். "எமரி பேப்பர்" என்றார். கேம் இறுக்கமாக இருந்திருக்கிறது, துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் ரீமர் போட வேண்டிய இடத்தில் விரலில் எமரி பேப்பரைச் சுற்றித் தேய்த்து இளக்கியிருக்கிறார்கள். போர் கேஜ் வைத்து அளந்தால் ஒரு பக்கம் 3 தௌ, இன்னொரு பக்கம் 5 தௌ இடைவெளி, வட்டமே இல்லை. அதைவிடக் கெட்டது, எமரியின் துகள் ஒயிட் மெட்டலில் பதிந்துபோய், அதுவே கேம் ஜர்னலை ராவிக்கொண்டிருந்தது. ஒயிட் மெட்டல் மெத்தென்று இருப்பதே தூசு வந்தால் தனக்குள் அமுக்கிக்கொள்ளத்தான், ஆனால் அரைக்கிற தூளையே கொண்டுபோய்த் தேய்த்தால் அது என்ன செய்யும்.

நடுப் பேரிங் இன்னும் மோசம். பிளாக்கில் ஆயில் வரும் துளையும் பேரிங்கில் இருக்கும் துளையும் நேராக இல்லை. மூன்றில் ஒரு பங்குதான் திறந்திருந்தது, பிறை நிலா மாதிரி. மீதி மூடிவிட்டது. அந்தப் பேரிங் பாதி வறண்டுபோய் ஓடியிருக்கிறது. வெளியே இழுத்ததும் காரணமும் தெரிந்தது: பிளாக்கின் துளையில் சுற்றிலும் பஞ்ச் அடித்த புள்ளிகள். பேரிங் லூசாக இருந்திருக்கிறது. இறுக்குவதற்காகப் பஞ்ச் அடித்து மேடு எழுப்பி அதில் பேரிங்கை ஏற்றியிருக்கிறார்கள். ஓட ஓட அது தன் இடத்திலேயே கொஞ்சம் சுற்றியிருக்கிறது. விளிம்பில் ஒரு பக்கம் சப்பி இருந்ததைக் காட்டி, "பைப்பை வச்சு சுத்தியால அடிச்சிருக்கான், கோணலாப் போயிருக்கு" என்றார். திட்டவில்லை. "அவசரம்" என்று மட்டும் சொன்னார். அப்பாதான் திட்டினார், அரை மணி நேரம்.

இனி அவர் செய்த விதம். நான் ஐந்து நாள் லீவ் போட்டு (ஆமாம், பைத்தியம்தான்) கிரீஸ் டின்னில் உட்கார்ந்து பார்த்ததால் சொல்கிறேன்.

முதலில் பழையதைக் கழற்றும் முன்பே ஒவ்வொரு ஆயில் துளையும் பிளாக்கில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கீறல் ஊசியால் பிளாக் முகத்தில் கோடு போட்டுக்கொண்டார். அப்புறம் பிளாக்கைக் காஸ்டிக் தொட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார். இதில் வரிசை முக்கியம். காஸ்டிக் புது ஒயிட் மெட்டலைத் தின்றுவிடும் என்பதால் கழுவல் முடிந்த பிறகுதான் பேரிங். அதே போல மெயின் பேரிங் லைனில் போரிங் வேலை ஏதாவது இருந்தால் அதுவும் முதலில் முடிய வேண்டும். ஆயில் வழிகளின் பிளக்குகளை எல்லாம் கழற்றி நீளமான பிரஷ் விட்டுத் தேய்த்தார். ஃபெஞ்சல் சேறு அப்போதும் வந்தது! 62,000 ரூபாய் வேலைக்குப் பிறகும் தென்பெண்ணை வண்டல் என் எஞ்சினுக்குள் இருந்திருக்கிறது.

பேரிங் செட்டை நாம்தான் வாங்கித் தர வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைத்தது, 1,450 ரூபாய். இங்கே ஒரு அசட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறேன். பேரிங்கைக் குளிர வைத்தால் சுருங்கி லேசாக ஏறும் என்று எங்கோ வீடியோவில் பார்த்துவிட்டு, அம்மாவின் ஃப்ரீசரில் வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் ராத்திரி முழுக்க வைத்து, ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு போனேன். பெரியவர் மோந்து பார்த்தார். "தகடு இம்மாம் மெல்லிசு. கைல எடுத்துத் தொளைல வைக்கிறதுக்குள்ள சூடாயிரும். மீன் வாசனைதான் மிச்சம்." பட்டறையில் இருக்கும் அவருடைய மருமகன் இரண்டு நாள் என்னை "வஞ்சிரம்" என்றுதான் கூப்பிட்டார்.

முன்னும் பின்னும் பிளாக்கின் துளை சரியாக இருந்தது. விளிம்பில் இருந்த பிசிறை ஸ்கிரேப்பரால் லேசாக வழித்தார், இல்லாவிட்டால் பேரிங் போகும்போது அதன் முதுகைச் சீவி, அந்தச் சீவல் பின்னால் மாட்டிக்கொண்டு பேரிங் உள்பக்கம் புடைக்கும். பேரிங்கின் வெளி அளவு துளையைவிட இரண்டு மூன்று தௌ பெரிதாக இருக்கிறதா என்று மைக்ரோமீட்டரில் பார்த்தார். அந்த இறுக்கம்தான் அதைச் சுற்றாமல் பிடித்து வைப்பது. அளவுகளை எல்லாம் ஷட்டரில் சாக்பீஸால் எழுதுவார். அவருக்கு நோட்டு கிடையாது, ஷட்டர்தான்.

நடுத் துளைக்குப் பேரிங் செட்டில் இருந்ததைப் போடவே இல்லை. பஞ்ச் அடித்து நீள்வட்டமாகிவிட்ட துளையை, மற்ற இரண்டையும் ஆதாரமாக வைத்து நீளமான போரிங் பார் போட்டு வட்டமாக்கினார். பிறகு அந்தப் புது அளவுக்குக் கன்மெட்டலில் (வெண்கல வகை) ஒரு புஷ் கடைந்தார். ஆயில் துளையை முதலிலேயே போட்டு, உள்விளிம்பில் லேசாகச் சரிவு கொடுத்து. கேமின் நடு ஜர்னலில் கீறல் ஆழமாக இல்லை, லேத்தில் போட்டு மெருகேற்றியதில் போய்விட்டது. கேம் வளைந்திருக்கிறதா என்று இரண்டு வி-பிளாக்கில் கிடத்தி டயல் வைத்துச் சுற்றிப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். கேம் கோணலாக இருந்தால் பேரிங்கை எத்தனை ஒழுங்காகப் போட்டாலும் ஒரு இடத்தில் பிடிக்கத்தான் செய்யும், அப்புறம் பேரிங்கைக் குற்றம் சொல்லி எமரி பேப்பரை எடுப்பார்கள்.

மாட்டும் நேரம்தான் எனக்கு ஆச்சரியம். சுத்தியல் வெளியே வரவே இல்லை. பிளாக்கின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஒரு நீளமான திருகுக் கம்பி, அதில் ஒவ்வொரு துளைக்கும் அளவெடுத்துக் கடைந்த படி வைத்த வட்டுகள். பேரிங் ஒரு வட்டில் உட்கார்ந்திருக்க, எதிர்ப்பக்கம் நட்டைத் திருகத் திருக அது நேராக, மெதுவாக, கோணாமல் உள்ளே இழுபடும். பேரிங் விளிம்பில் துளைக்கு நேராக ஒரு மார்க்கர் கோடு, பிளாக்கில் ஏற்கெனவே போட்ட கீறல். இரண்டும் சேர்ந்தே போகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் குனிந்து பார்த்தார். உள்ளே போன பிறகு ஒரு வெல்டிங் ராடைத் துளை வழியாக விட்டு தட்டுப்படாமல் போகிறதா என்று சோதித்தார். அதோடு விடாமல், மெயின் பேரிங் பக்கத்துத் துளையில் ஆயில் கேனை வைத்து அழுத்தி, கேம் பேரிங்குக்குள் ஆயில் ஊறி வருவதை என் கண்ணால் பார்க்க வைத்தார். மூன்றிலும். சில எஞ்சின்களில் மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கருக்குப் போகும் ஆயிலே கேம் பேரிங் வழியாகத்தான் போகும், அதில் துளை மாறினால் தலை முழுக்க வறண்டுவிடும் என்றார்.

அப்புறம் ரீமர். பேரிங் இறுக்கமாக உள்ளே போகும்போது உள் அளவு சுருங்கும். இந்த எஞ்சினுக்கு வரும் பேரிங்கை மாட்டிய பிறகு உள்ளே அளவுக்குச் சீவித்தான் ஆக வேண்டும். கடலூர் கராஜில் செய்யாமல் விட்டது இந்த வேலையைத்தான். நீளமான தண்டில் பிளேடு, ஒரு பேரிங்கைச் சீவும்போது மற்ற இரண்டிலும் வழிகாட்டி வளையம், அதனால் மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும். கையால் சுற்றினார், ஒரே திசையில், பின்னால் திருப்பவே இல்லை. முன்னும் பின்னும் ஒன்றரை தௌ இடைவெளி, கன்மெட்டலுக்குச் சூட்டில் பிடிக்காமல் இருக்க 2 தௌ. பிறகு கேமை விட்டுச் சுற்றினால் ஒரு இடத்தில் லேசாகப் பிடித்தது. ஜர்னலில் நீல மை தடவி, விட்டு, சுற்றி, எடுத்து, மை ஒட்டிய மேட்டை மட்டும் ஸ்கிரேப்பரால் ஒரு தடவை வழித்தார். மறுபடியும் மை. நான்காவது தடவையில், இரண்டு விரலால் சுண்டினால் கேம் தானாகச் சுற்றி நின்றது. என்னையும் சுண்டச் சொன்னார். அந்தச் சுகத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை, விடுங்கள்.

சீவல் ஆயில் துளைக்குள் போயிருக்கும் என்று மறுபடியும் முழு பிளாக்கையும் கழுவினார். எனக்கே பொறுமை போய்விட்டது.

கேமைக் கடைசியாக உள்ளே விடும்போது பிளாக்கை முன்முகம் மேலே பார்க்க நிமிர்த்தி வைத்து, கேமின் முனையில் ஒரு நீள போல்ட்டை முறுக்கிக் கைப்பிடியாக்கிக்கொண்டு கிணற்றில் வாளி விடுவது போல இறக்கினார். படுக்க வைத்துத் தள்ளினால் லோபின், அதாவது கேமில் இருக்கும் மேட்டின், விளிம்பு புதுப் பேரிங்கைக் கீறிவிடும். முன்னால் தகட்டில் கேமின் முன்பின் ஆட்டம் 3-லிருந்து 7 தௌவுக்குள் இருக்க வேண்டும், 5 இருந்தது. லோபின் மேல் ஏறி இறங்கும் டேப்பட்டுகள் எல்லாம் புதிது, லோபுக்கு மாலிப்டினம் பேஸ்ட்.

மாட்டி முடித்து, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிவிட்டு, கேஜில் முள் எழும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றி, அப்புறம்தான் ஸ்டார்ட் செய்தார். "முத இருவது நிமிசம் ஐடில்ல விட்டுறாத, ரெண்டாயிரத்துல பிடி" என்று ஆக்சிலரேட்டரை என் காலில் ஒப்படைத்தார். லோபுக்கும் டேப்பட்டுக்கும் ஆயில் போவது பெரும்பாலும் கிராங்க் வாரியடிப்பதால்தான், வேகம் இருந்தால்தான் வரும். அந்த இருபது நிமிடமும் தொழிற்பேட்டை நாய்கள் எல்லாம் என்னைப் பார்த்துக் குரைத்தன.

இப்போது 2,300 கிலோமீட்டர் ஓடிவிட்டது. முதல் 500-ல் ஆயில் மாற்றினேன், துணியில் வடித்துப் பார்த்தேன், மினுக்கல் இல்லை. 20டபிள்யூ-50 சாதாரண ஆயில்தான். நல்ல வெயிலில் ஈ.சி.ஆரில் மரக்காணம் வரை போய்த் திரும்பி சிவாஜி சிலைச் சிக்னலில் நின்றபோது ஐடிலில் 20, ஓடும்போது 50. ரிலீஃப் வால்வு வாஷரை அவர் எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார், சாவிக்கொத்தில் கோத்து வைத்திருக்கிறேன்.

சரி, குறைகள். எட்டு நாள் என்றார், பத்தொன்பது நாள் ஆயிற்று. நடுவில் ஒரு லாரி கிராங்க் வந்துவிட்டால் நம் வேலை அப்படியே நிற்கும், சொல்லவும் மாட்டார். போனை எடுப்பதே இல்லை; மருமகன் எடுத்தால் "ஓடிட்டு இருக்குண்ணே" என்பார், என்ன ஓடுகிறது என்று தெரியாது. கன்மெட்டல் புஷ் போடலாமா என்று என்னைக் கேட்கவில்லை, போட்டுவிட்டு 1,800 ரூபாய் சேர்த்துக்கொண்டார். வேறு வழி இருந்திருக்காது என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் கேட்டிருக்கலாம். டேப்பட் கவர் கேஸ்கெட்டில் இன்னும் லேசாக ஆயில் கசிகிறது. போய்ச் சொன்னால் "அம்பாசிடர்னா சொட்டணும், சொட்டலன்னாத்தான் ஆயில் இல்லன்னு அர்த்தம்" என்று சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வீட்டு வாசலில் டைல்ஸ். பில் இல்லை. கார்டு இல்லை, கூகுள் பே உண்டு.

செலவு: கேம் பேரிங் போட்டு ரீமர் விட்டதற்கு 3,200, கன்மெட்டல் புஷ்ஷும் போரிங்கும் 1,800, கேம் மெருகும் சோதனையும் 600, கழுவல் 900. பேரிங் செட்டோடு 8,000-க்குள் முடிந்துவிட்டது. எஞ்சினை இறக்கி ஏற்றி, பிரித்து மாட்டி, கேஸ்கெட், டேப்பட், குட்டியானை வாடகை எல்லாம் சேர்ந்துதான் இன்னொரு 27,000 இழுத்தது. அதாவது 8,000 ரூபாய் வேலையை முதலிலேயே ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த 27,000-மும் எனக்கு மிச்சம்.

யார் போகலாம் என்றால், அம்பாசிடர், பழைய பத்மினி, இதே பி.எம்.சி. எஞ்சின் போட்ட பழைய கான்டெசா, லாரி மாதிரி பிளாக்குக்குள்ளேயே கேம் இருக்கும் எஞ்சின்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். மாருதி 800 மாதிரி கேம் தலையில் இருப்பவற்றில் தனியாகப் பேரிங்கே கிடையாது, ஹெட்டின் அலுமினியத்திலேயே நேராகச் சுழலும். அவை தேய்ந்தால் வேறு வைத்தியம், அவர் கையில் வாங்க மாட்டார், என் கண் முன்னால் ஒருவரைத் திருப்பி அனுப்பினார். இரண்டு நாளில் வண்டி வேண்டும் என்பவர்களும் போக வேண்டாம், சண்டைதான் வரும்.

போனால் காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், அப்புறம் மெஷின் சத்தத்தில் பேச முடியாது. பழைய பேரிங்கைக் குப்பையில் போடாமல் ஒரு கவரில் எடுத்துப் போங்கள், கழற்றும்போது எது முன்னால் எது பின்னால் என்று எழுதி. அவர் முதலில் கேட்பது அதைத்தான்.